பழைய காருக்குக் கூடுதல் வாரண்டி: எந்தப் பாகத்துக்காகப் பணம் கட்டுகிறோம்?

பழைய கார் ஷோரூமில் விலை பேசி முடித்து, முன்பணமும் கொடுத்து, பெயர் மாற்றத்துக்கான 30-ஆம் எண் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துத்தான் அந்தப் பேச்சு வரும். "சார், ஒரு வருட வாரண்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடனோடு போட்டுவிடலாம். மாதத் தவணையில் ஐந்நூறு ரூபாய்கூடக் கூடாது."

ஐந்து லட்சம் கொடுக்கத் துணிந்தவருக்குப் பதினைந்தாயிரம் பெரிதாகத் தெரிவதில்லை. விற்பவருக்கும் அது நன்றாகத் தெரியும். ஆனால் அந்த ஐந்நூறைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். வாரண்டியின் விலை 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 17,700. புதிய காருக்கான கடனைவிடப் பழைய காருக்கான கடனில் வட்டி பொதுவாக அதிகம்; 14 சதவீதம், நான்கு ஆண்டு என்று கொண்டால், இந்தத் தொகைக்கு மட்டும் மாதம் சுமார் 484 ரூபாய் கட்ட வேண்டும். நான்கு ஆண்டு முடிவில் கட்டிய தொகை 23,200 ரூபாயைத் தாண்டிவிடும். பன்னிரண்டு மாதத்தில் காலாவதியாகும் தாளுக்கு நாற்பத்தெட்டு மாதத் தவணை! வாரண்டி எடுப்பது சரியா தவறா என்பது இருக்கட்டும். எடுப்பதென்று முடிவு செய்தால் கையிலிருக்கும் பணத்தைக் கொடுத்து எடுக்க வேண்டும். கடனில் எடுக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

எடுக்கலாமா என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. அந்தக் கேள்வியைக் கேட்கும் விதத்திலேயே கோளாறு இருக்கிறது. வாங்கப்போகும் காரில் எந்தப் பாகம் போனால் நம் குடும்ப வரவுசெலவு ஆட்டம் காணும் என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பாகத்தின் பெயர் வாரண்டித் தாளில் அச்சாகியிருக்கிறதா என்று அடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் பேச்சே.

ஒரே பெயரில் மூன்று சரக்குகள்

வாரண்டி என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு சரக்குகள் விற்பனையாகின்றன. மூன்றையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான் பின்னால் சண்டை வருகிறது.

முதலாவது, காரைத் தயாரித்த நிறுவனமே கொடுப்பது. மாருதி சுஸுகியை எடுத்துக்கொண்டால், 2024 ஜூலைக்கு முன்பு விற்ற கார்களுக்கு 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர்தான் அடிப்படை வாரண்டி. அதன்பிறகு அது 3 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர் ஆனது. கூடுதல் பணம் கட்டினால் 6 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை நீட்டிக்கலாம். ஆண்டு, கிலோமீட்டர் ஆகிய இரண்டில் எது முந்துகிறதோ அதோடு சரி. 2021-இல் வாங்கிய ஒரு ஸ்விப்ட் இன்று விற்பனைக்கு வந்தால் அதன் அடிப்படை வாரண்டி 2023-லேயே முடிந்திருக்கும். ஆனால் முதல் உரிமையாளர் அப்போதே நீட்டிப்புக்குப் பணம் கட்டியிருந்தால், மீதமுள்ள காலம் பெரும்பாலும் காரோடு சேர்ந்து நமக்கு வரும். பலருக்குத் தாங்கள் அப்படிக் கட்டியதே நினைவிருப்பதில்லை. புதுக் கார் வாங்கிய மகிழ்ச்சியில் பில்லோடு பில்லாகப் போட்டிருப்பார்கள். அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் பதிவெண்ணையோ சேசிஸ் எண்ணையோ கொடுத்தால் கணினியில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். பேரம் பேசுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. அந்த வாரண்டியை நம் பெயருக்கு மாற்றுவதற்கு, பெயர் மாறிய ஆர்.சி.யின் நகலைக் கேட்பார்கள். சில நிறுவனங்கள் கட்டணமும் கெடுவும் வைத்திருக்கின்றன.

இரண்டாவது, தயாரிப்பு நிறுவனங்கள் நடத்தும் பழைய கார் கடைகளின் சான்றிதழ் வாரண்டி. மாருதி 2001-இல் ட்ரூ வேல்யூவைத் தொடங்கியபோது, பழைய கார் என்றாலே புரோக்கரும் நோட்டுக் கட்டும்தான் என்றிருந்த சந்தையில் அது புதுமை. சோதித்துச் சான்றளித்த கார்களுக்கு அதிகபட்சம் ஓராண்டு வாரண்டியும் மூன்று இலவச சர்வீஸும் என்பது அதன் ஏற்பாடு. அதே கடையில் சான்றிதழ் இல்லாத கார்களும் நிற்கும். பலகையைப் பார்த்து நுழைந்தவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

மூன்றாவதுதான் வில்லங்கமானது. காரைத் தயாரிக்காத, சில நேரம் அதை விற்கவும் செய்யாத ஒரு மூன்றாம் நிறுவனம் கொடுக்கும் ஒப்பந்தம். இதற்குப் பின்னால் காப்பீட்டு நிறுவனம் ஒன்று நிற்கலாம். கடைக்காரரின் லெட்டர்ஹெட்டைத் தவிர வேறு எதுவும் இல்லாமலும் இருக்கலாம். கடை மூடினால் லெட்டர்ஹெட்டும் போச்சு. தாளின் கடைசிப் பக்கத்தில், இழப்பைத் தரும் பொறுப்பு யாருடையது என்று சிறிய எழுத்தில் இருக்கும் அந்த ஒரு வரியைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

இந்த வியாபாரம் முற்றிப்போன நாடு அமெரிக்கா. அங்கே கார் சர்வீஸ் ஒப்பந்தங்களைத் தொலைபேசியில் கூவிக் கூவி விற்ற யு.எஸ். ஃபிடலிஸ் நிறுவனம் 2010-இல் திவால் மனுப் போட்டது. 2024 ஜூலையில், கார்ஷீல்டு என்ற நிறுவனம் ஏமாற்று விளம்பரம் செய்ததாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கை முடித்துக்கொள்ள 1 கோடி டாலர் கொடுக்கச் சம்மதித்தது. எந்த ரிப்பேர் வந்தாலும் கவலை இல்லை என்பது விளம்பரத்தின் சாரம். ரிப்பேர் வந்தபோது பலருக்குக் கிடைத்தது கைவிரிப்பு. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு 2014-இல் வெளியிட்ட ஆய்வில், நீட்டிப்பு வாரண்டி எடுத்த கார்க்காரர்களில் 55 சதவீதம் பேர் அதை ஒரு முறைகூடப் பயன்படுத்தவில்லை என்று தெரிந்தது.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சராசரியாக வரக்கூடிய ரிப்பேர் செலவு, அதன்மேல் விற்பவரின் கமிஷன், நிறுவனத்தின் லாபம், அலுவலகச் செலவு, வரி எல்லாம் சேர்ந்ததுதான் வாரண்டியின் விலை. ஆகவே சராசரி ஆள் நஷ்டப்பட்டே ஆக வேண்டும். இல்லையென்றால் விற்பவர் கடையைக் கட்ட வேண்டியதுதான். அதற்காக எல்லோரும் தவிர்க்க வேண்டும் என்றும் ஆகிவிடாது. தாங்க முடியாத அடிக்கு முன்கூட்டியே பணம் கட்டிவைப்பது நியாயம். பிரேக் பேடுக்கும் வைப்பர் பிளேடுக்கும் கட்டிவைப்பது வீண். வேடிக்கை என்னவென்றால், அந்த இரண்டுக்கும் வாரண்டி எப்படியும் கிடையாது.

எங்கே கழன்றுகொள்கிறார்கள்

வாரண்டித் தாளில் எதற்குப் பொறுப்பு என்ற பக்கம் கவர்ச்சியாக இருக்கும்: எஞ்சின், கியர்பாக்ஸ், ஸ்டியரிங், எரிபொருள் அமைப்பு. எதற்குப் பொறுப்பில்லை என்ற பக்கம்தான் உண்மையான ஒப்பந்தம். தேய்மானப் பொருள்கள் அத்தனையும் வெளியே: கிளட்ச் பிளேட், பிரேக் பேட், பேட்டரி, டயர், பல்பு, ரப்பர் புஷ், பெல்ட், ஹோஸ். பழைய காரில் அடிக்கடி போவதும் இவைதான்.

ஒரு சங்கிலியை மட்டும் விரிவாகப் பார்ப்போம். எட்டு வயதுக் கார். கோடை வெயிலில் திண்டிவனம் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. ரேடியேட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் முதுமையில் வெடித்துவிடுகிறது. அதன் விலை சில நூறு ரூபாய். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் கொட்டிவிடுகிறது. இப்போதைய பல கார்களில் வெப்பநிலை காட்டும் முள் இல்லை; சிவப்பு விளக்கு மட்டும்தான். ஓட்டுபவர் விளக்கைக் கவனித்து, அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்விடலாம் என்று நான்கைந்து கிலோமீட்டர் ஓட்டுகிறார். ஹெட் கேஸ்கெட் போய்விடுகிறது. சிலிண்டர் ஹெட் வளைந்துவிடுகிறது. செலவு பல பத்தாயிரம். எஞ்சின்தானே, வாரண்டியில் இருக்கிறதே என்று கேட்டால் பதில் இப்படி வரும்: கோளாறு தொடங்கியது ஹோஸில், ஹோஸ் எங்கள் பொறுப்பில் இல்லை, அதன் தொடர்விளைவும் எங்கள் பொறுப்பில் இல்லை, தவிர, எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகும் வண்டி ஓட்டப்பட்டிருக்கிறது. எஞ்சின் கணினியில் அந்த நேரமும் வெப்பமும் பதிவாகியிருந்தால் மறுத்துப் பேசவும் வழியில்லை. இதில் மோசடி எதுவும் இல்லை என்பதுதான் வேதனை. நாம் கையெழுத்திட்ட தாளில் எல்லாம் இருக்கிறது.

இன்னும் சில பொறிகள் உண்டு. வாரண்டி எடுத்த அன்றே அமலுக்கு வராமல், குறிப்பிட்ட நாளோ கிலோமீட்டரோ கழிந்த பிறகே தொடங்கும் ஒப்பந்தங்கள் இருக்கின்றன. ஒரு க்ளெய்முக்கு உச்சவரம்பு இருக்கும். கியர்பாக்ஸுக்கு ஒன்றரை லட்சம் ஆகும் காரில் வரம்பு ஐம்பதாயிரம் என்றால் அந்த வாரண்டியால் என்ன பயன்? பாகத்தைப் பிரித்துப் பார்த்தால்தான் கோளாறு தெரியும் என்ற நிலையில், பிரிக்கும் கூலி உரிமையாளர் தலையில் விழும். க்ளெய்ம் ஏற்கப்பட்டால்தான் அது திரும்பக் கிடைக்கும். முன் அனுமதி வாங்காமல் ஒர்க்ஷாப்பில் ஸ்பேனரை வைத்தாலே க்ளெய்ம் போயிற்று. வெளியில் சி.என்.ஜி. கிட் பொருத்தியிருந்தாலும், வாடகைக்கு ஓட்டியிருந்தாலும், ஒரு சர்வீஸைத் தவறவிட்டிருந்தாலும் அதே கதிதான். ஓடோமீட்டர் திருத்தப்பட்டிருந்தால், திருத்தியது முந்தைய ஆளாக இருந்தாலும் இழப்பு நமக்குத்தான்.

சர்வீஸை வெளியே செய்தால் வாரண்டி ரத்து என்ற மிரட்டலைப் பற்றி ஒரு வரலாறு சொல்ல வேண்டும். 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் சந்தையை அடைத்துவைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளி ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தார் என்பதற்காகவே வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது, அந்த வேலையால் சேதம் ஏற்பட்டிருந்தால் அந்த அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் ஆணையம் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. வழக்கு இழுத்துக்கொண்டு போனது. நடைமுறையில் கவுன்ட்டரில் இருப்பவர் இன்னும் பழைய பல்லவியைத்தான் பாடுகிறார். ஆகவே வாரண்டி இருக்கும்வரை அவர்கள் சொல்லும் இடத்திலேயே சர்வீஸ் செய்து பில்லைப் பத்திரப்படுத்துவதுதான் தலைவலி இல்லாத வழி. அந்த சர்வீஸ் தெரு மெக்கானிக்கிடம் ஆவதைவிட எவ்வளவு கூடுதல் என்பதையும் வாரண்டியின் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

எந்தக் கார் என்பதே விடை

டர்போ இல்லாத நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், கையால் மாற்றும் கியர், 50,000 கிலோமீட்டருக்குள் ஓட்டம், சர்வீஸ் பில் முழுதாகக் கைவசம். இப்படிப்பட்ட ஒரு மாருதியோ ஹூண்டாயோ ஹோண்டாவோ வாங்குபவருக்கு மூன்றாம் நிறுவன வாரண்டி தேவையில்லை என்பேன். இந்தக் கார்களில் ஓராண்டுக்குள் எஞ்சினோ கியர்பாக்ஸோ முற்றிலும் கைவிடுவது அரிது. கைவிட்டாலும் உதிரிபாகம் ஊருக்கு ஊர் கிடைக்கும். அந்தப் பதினைந்தாயிரத்தை வங்கியில் தனியாகப் போட்டுவைத்தால் கிளட்சுக்கோ சஸ்பென்ஷன் புஷ்ஷுக்கோ ஆகும். வாரண்டி தொடாத செலவுகள் அவை.

ஆட்டோமேட்டிக் என்றால் கதை மாறும். அதிலும் எல்லா ஆட்டோமேட்டிக்கும் ஒன்றில்லை. ஏ.எம்.டி. என்பது சாதாரணக் கியர்பாக்ஸின் மேல் கிளட்சையும் கியரையும் இயக்கும் ஒரு கருவியை ஏற்றிவைத்த ஏற்பாடு. போனால் அந்தக் கருவி போகும், வலிக்கும், ஆனால் மீளலாம். சி.வி.டி.யில் உள்ளே ஒரு பெல்ட்டும் இரண்டு கப்பிகளும். கெட்டால் பெரும்பாலும் முழுக் கியர்பாக்ஸையே மாற்றச் சொல்வார்கள், லட்சத்தைத் தாண்டும். இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் இன்னும் நுணுக்கமானது. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஏழு கியர் உலர் கிளட்ச் டி.எஸ்.ஜி.யைச் சொல்லலாம்: 2013-இல் சீனாவில் இந்தக் கியர்பாக்ஸ் கோளாறுக்காக 3,84,000-க்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. நம்மூரில் பழைய போலோ, வென்டோ, ஆக்டேவியா வாங்குபவர்கள் "மெகாட்ரானிக்ஸ்" என்ற சொல்லை எப்படியும் ஒருநாள் கற்றுக்கொள்கிறார்கள். கிளட்சுகளை இயக்கும் அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியை மாற்ற லட்சத்துக்கு மேல் செலவாகும். இத்தகைய காருக்கு, "மெகாட்ரானிக்ஸ்" என்ற பெயரே அச்சிலிருந்து, உச்சவரம்பும் அதற்குப் போதுமானதாக இருந்தால், வாரண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். கியர்பாக்ஸ் என்று பொதுவாக எழுதி, மின்னணுப் பாகங்கள் நீங்கலாக என்று கீழே ஒரு வரி இருந்தால் அது வேண்டாம்.

டீசல் கார்களில், 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகை விதி வந்ததிலிருந்து புகைவடிகட்டி, சென்சார்கள் எனப் பாகங்கள் பெருகிவிட்டன. நெடுஞ்சாலையில் ஓடிய டீசல் ஒருவகை. சென்னை நெரிசலில் தினமும் பத்து கிலோமீட்டர் ஊர்ந்த டீசல் வேறுவகை. இரண்டாவதில் வடிகட்டி கரி பிடித்து அடைத்துக்கொள்ளும்; அதைப் பராமரிப்புக் குறை என்று சொல்லி வாரண்டியில் ஏற்க மாட்டார்கள். இன்ஜெக்டர்களுக்கும் டர்போவுக்கும் பொறுப்பு உண்டா என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

மின்சாரக் கார்களில் கேள்வி பேட்டரியைப் பற்றியது மட்டுமே. 2020-இல் டாடாவின் நெக்ஸான் மின்சார மாடல் வந்தபோதே பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி இருந்தது. அது கைமாறினாலும் தொடருமா, முதல் உரிமையாளரோடு முடிந்துவிடுமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

சோதனைக்கு ஆகும் பணம்

தானமாகக் கிடைத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள்; காசு கொடுத்து வாங்கும் காரை ஏற்றத்தில் தூக்கி, அடிவயிற்றையும் பார்க்கலாம். நம்பகமான மெக்கானிக் ஒருவரை அழைத்துப்போய், எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் ஸ்டார்ட் செய்து, ஸ்கேனர் போட்டுப் பழைய கோளாறுக் குறிகளைப் படித்து, லிஃப்டில் ஏற்றிக் கசிவு பார்ப்பதற்கு ஆகும் சில ஆயிரம் ரூபாய், எந்த வாரண்டியையும்விட அதிகம் சம்பாதித்துத் தரும். காரணம் எளிது. வாங்கும்போதே இருந்த கோளாறு, பழைய காருக்கு எடுக்கும் கூடுதல் வாரண்டியில் பெரும்பாலும் சேராது. அதைக் கண்டுபிடிக்க ஒரே வாய்ப்பு வாங்குவதற்கு முந்தைய நாள்தான். விற்பவர் இதற்குச் சம்மதிக்கவில்லையென்றால் வேறு கார் பார்க்கலாம்.

சென்னைப் பதிவெண் உள்ள கார்களில் கூடுதலாக ஒரு சந்தேகம் தேவை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் கழுத்தளவு நீரில் நின்ற கார்கள் கணக்கற்றவை. துடைத்துப் பாலிஷ் போட்டால் வெளியே தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் நடுவில் சேற்றுக் கோடு தெரியலாம். சீட் ஓடும் தண்டவாளத்தின் துரு, கார்ப்பெட்டுக்கு அடியிலுள்ள புழுங்கல் வாடை, டேஷ்போர்டுக்கு அடியில் பச்சை பூத்த மின்முனைகள் எல்லாம் காட்டிக்கொடுக்கும். வெள்ளச் சேதத்துக்கு வாரண்டியில் இடமில்லை.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். முழுக் காப்பீடு இருக்கிறதே, வாரண்டி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தேய்மானம், இயந்திரக் கோளாறு, மின்கோளாறு ஆகியவை வழக்கமான மோட்டார் காப்பீட்டில் வெளிப்படையாக விலக்கப்பட்டவை. தேங்கிய நீரில் ஓட்டி எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தால் உதவுவது எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் இணைப்பு. அதைக் குறிப்பிட்ட வயதைத் தாண்டிய கார்களுக்குத் தர மாட்டார்கள். வாரண்டி பார்ப்பது தானாகக் கெட்டதை. காப்பீடு பார்ப்பது வெளியிலிருந்து வந்த அடியை. இரண்டுக்கும் நடுவில் விழுவது நம் பையிலிருந்து.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்

சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பிலுள்ள சட்டத்தின்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, ஒப்படைத்த அன்றே இருந்ததாகவே கருதப்படும். இல்லையென்று நிரூபிப்பது விற்றவர் பாடு. பழைய கார்களுக்கும் அது பொருந்தும். இந்தியாவில் பழைய காருக்கு அப்படியொரு கட்டாயப் பொறுப்பு இல்லை. 2022 டிசம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள், 2023 ஏப்ரல் முதல், பழைய கார் டீலர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்றும், கார் தம் கைக்கு வந்ததை 29சி படிவத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. கார் யார் பொறுப்பில் இருக்கிறது என்பது அதில் தெளிவாகும். காரின் தரத்தைப் பற்றி அந்த விதிகள் பேசவில்லை. இந்த வெற்றிடத்தில்தான் கூடுதல் வாரண்டி வியாபாரம் வளர்கிறது.

இருந்தாலும் கை முழுக்கக் கட்டப்பட்டிருக்கவில்லை. வாரண்டியை நியாயமில்லாமல் மறுத்தால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அது சேவைக் குறைபாடு. கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. முதல் படியாக 1915 என்ற உதவி எண்ணில் புகாரைப் பதிந்தாலே சில நிறுவனங்கள் இறங்கி வருகின்றன. ஒப்பந்த வாசகமே ஒருதலைப்பட்சமானது என்று வாதாட வேண்டுமானால் மட்டும் மாவட்ட ஆணையம் போதாது. நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகார்களை மாநில ஆணையத்திலிருந்துதான் தொடங்க முடியும்.

அங்கே எடுபடுவது காகிதம். விற்பனையாளர் வாய்மொழியாகச் சொன்ன "எல்லாம் கவர் ஆகும் சார்" எடுபடாது. கையெழுத்துப் போடும் முன்பே முழு ஒப்பந்தத்தையும், இரண்டு பக்க விளம்பரத் தாள் அல்ல, வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லலாம். இன்ன பாகத்துக்குப் பொறுப்பு உண்டா என்று அதே வாட்ஸப்பில் எழுதிக் கேட்டு, வரும் பதிலை அழிக்காமல் வைத்துக்கொள்ளலாம். க்ளெய்ம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்ல வேண்டும். கழற்றிய பழைய பாகத்தை ஒர்க்ஷாப்பில் விட்டுவிட்டு வரக் கூடாது. பாகம் தேய்ந்து போனதா, உடைந்து போனதா என்பதுதான் பெரும்பாலான வழக்குகளின் முடிச்சு. இன்னொரு பொறியாளர் பார்த்துச் சொல்வதற்கு அந்த இரும்புத் துண்டு கையில் இருந்தாக வேண்டும்.